நாள் சம்பளமும் சேமநிதியும்: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மலேசியாவின் ஊழியர் சேமநிதியை, அதாவது இபிஎஃப்பைப் பற்றியவை. அவற்றிலும் நாள் சம்பளத்திற்கு வேலை செய்பவர்களும், அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்களும் எழுதியவையே மிகுதி. ஒரே கேள்வியை நான்கு விதமாகக் கேட்டிருந்தவர்களின் கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறேன். பெயர்களையும் வேலையிடங்களையும் நீக்கிவிட்டேன்.

கேள்வி: நான் ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் இரண்டரை ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஒரு நாளைக்கு 70 ரிங்கிட். மாதத்தில் 26 நாள் போவேன். இபிஎஃப் பற்றிக் கேட்டால், "அது மாதச் சம்பளக்காரர்களுக்கு அம்மா, உங்களுக்கு நாள் சம்பளம்தானே" என்கிறார் முதலாளி. அவர் சொல்வது சரியா? சம்பளத்தைக் கடித உறையில் போட்டுத் தருவார். சீட்டு எதுவும் கிடையாது. – வாசகி, செந்தூல்

பதில்: சரியில்லை. இந்த ஒரு விளக்கத்தை எத்தனை கடைகளில், எத்தனை பட்டறைகளில் கேட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தால் எனக்கே வியப்பாக இருக்கிறது. 1991ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டம் சம்பளம் என்பதற்குக் கூறும் பொருளில், வேலை ஒப்பந்தப்படி ஊழியருக்குப் பணமாகச் சேரவேண்டிய ஊதியம் மாதக் கணக்கில் பேசப்பட்டாலும், வாரக் கணக்கில் பேசப்பட்டாலும், நாள் கணக்கில் பேசப்பட்டாலும் அது சம்பளமே என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. ஊழியர் யார் என்று சொல்லுமிடத்திலும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. "நாளைக்குக் காலை ஏழு மணிக்கு வந்துவிடுங்கள், எழுபது வெள்ளி தருகிறேன்" என்று வாய்மொழியாகச் சொன்னதும் ஒப்பந்தம்தான். சொல்லாமலே நடைமுறையிலிருந்து விளங்குவதும் ஒப்பந்தம்தான்.

நம்மவர்களுக்கு இதில் ஐயம் வருவதே எனக்குப் புதிராக இருக்கிறது. தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் பெயர் விழுந்த நாளுக்கு மட்டும் சம்பளம் வாங்கியவர்கள்தாமே நம் தாய்தகப்பன்மார்? அவர்கள் வாங்கியதும் நாள் சம்பளம்தான். அந்தச் சம்பளத்தில் இபிஎஃப் பிடித்தார்கள். தோட்டத்து நிர்வாகமும் தன் பங்கைக் கட்டியது. ஐம்பத்தைந்து வயதில் அந்தப் பணத்தை எடுத்து வீட்டுக்கு முன்பணம் கட்டிய குடும்பங்கள் நாட்டில் எத்தனையோ. நகரத்துக்கு வந்து உணவகத்தில் சேர்ந்தவுடன் அதே நாள் சம்பளம் எப்படிச் சேமநிதி இல்லாத சம்பளமாக மாறியது?

உங்கள் கணக்கைப் பார்ப்போம். 70 ரிங்கிட் வீதம் 26 நாளுக்கு 1,820 ரிங்கிட். அறுபது வயதுக்குக் கீழ்ப்பட்ட மலேசியருக்கு, மாதச் சம்பளம் 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதபோது, முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, ஊழியரின் பங்கு 11 விழுக்காடு. சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி ரிங்கிட்டுக்குக் கீழ்ப்பட்ட சில்லறை மேல்நோக்கி முழுமையாக்கப்படும். ஆகவே முதலாளி கட்டவேண்டியது 237 ரிங்கிட், உங்கள் சம்பளத்திலிருந்து பிடிக்கவேண்டியது 201 ரிங்கிட், இரண்டும் சேர்த்து மாதம் 438 ரிங்கிட். ஆண்டுக்கு 5,256 ரிங்கிட். இதன் மேல் லாப ஈவு வேறு. 2024ஆம் ஆண்டுக்குச் சேமநிதி வாரியம் அறிவித்தது 6.30 விழுக்காடு.

இரண்டு பங்கையும் வாரியத்தில் செலுத்தும் பொறுப்பு முதலாளியுடையது. "நான் அவளிடம் பிடிக்கவில்லை, அதனால் கட்டவில்லை" என்பது சட்டத்தின் முன் எடுபடாத பேச்சு. கட்டாமல் விட்ட மாதங்களுக்குரிய சந்தாவையும், அக்காலத்திற்கான லாப ஈவையும், தாமதத்திற்கான கட்டணத்தையும் வாரியம் அவரிடமிருந்து வசூலிக்கலாம். சந்தா கட்டத் தவறியது நிரூபிக்கப்பட்டால் 43ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். ஒருவேளை அவர் மனம் மாறி, "சரி, கட்டிவிடுகிறேன், ஆனால் பழைய மாதங்களுக்கான உன் பங்கை இந்த மாதச் சம்பளத்தில் மொத்தமாகப் பிடித்துக்கொள்கிறேன்" என்றால் அந்த இடத்திலேயே தலையாட்டிவிடாதீர்கள். ஊழியரின் பங்கு அந்தந்த மாதச் சம்பளம் தரும்போது பிடிக்கப்பட வேண்டியது. வாரியத்தின் கிளைக்குச் சென்று அதிகாரியிடம் கேட்டுவிட்டுப் பிறகு பேசுங்கள்.

சீட்டு இல்லையே என்று அஞ்ச வேண்டாம். உங்கள் கடிதத்துடன் 555 நோட்டுப் புத்தகத்தின் இரண்டு பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள். வேலைக்குப் போன நாள்களுக்கு நேரே பேனாக் கோடு, போகாத நாளுக்கு வட்டம், மாதக் கடைசியில் கூட்டிப் போட்ட தொகை, ஓரிடத்தில் "முன்பணம் 50" என்று சிவப்பு மையில். உறையின் பின்புறம் முதலாளியே பென்சிலில் "26 x 70" என்று எழுதியிருக்கிறார். இவற்றை ஒன்றுகூடத் தூக்கிப் போடாதீர்கள். வேலை நேரத்தைப் பற்றி வந்த வாட்ஸ்அப் செய்திகள், கடையின் சட்டையணிந்து எடுத்த படம், உடன் வேலை செய்பவர்களின் சாட்சி ஆகியவையும் உதவும். அன்றன்றைக்கு எழுதிய கணக்குக்கு ஒரு நம்பகத்தன்மை உண்டு. புகார் செய்யப் போகும் முந்தைய இரவு உட்கார்ந்து எழுதிய கணக்குக்கு அது வராது. சம்பளச் சீட்டுத் தரவேண்டியதும் முதலாளியின் கடமை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சம்பளம், வருகைப் பதிவேடுகளை அவர் குறைந்தது ஆறு ஆண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும்.

புகார் செய்ததற்காக வேலையை விட்டு நிறுத்தினால், 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டேன் என்று நீக்கப்பட்ட 60 நாள்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். நாள் கடந்தால் வழி அடைபடும்.

கேள்வி: என் கணவர் லோரி உதவியாளர். வேலையில் சேரும்போது, "இபிஎஃப், சொக்சோ வேண்டாம், முழுச் சம்பளம் கையில் கொடுத்தால் போதும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அவரே விரும்பிக் கொடுத்ததுதான். இப்போது மாற்ற முடியுமா? – வாசகி, செகாம்புட்

பதில்: மாற்றுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை, அந்தத் தாளுக்கு மதிப்பே கிடையாது. சந்தா கட்டும் கடமையைச் சட்டம் விதித்திருக்கிறது. முதலாளியும் ஊழியரும் கூடிப் பேசிக் கைவிட்டுக்கொள்ளக்கூடிய ஒன்றன்று அது. சொல்லப்போனால், அந்தத் தாள் முதலாளிக்கு எதிராகவே பேசும். உங்கள் கணவர் தம்முடைய ஊழியர் என்பதையும், சந்தா கட்டவேண்டும் என்பது தமக்குத் தெரியும் என்பதையும் அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டது போல ஆகிறது.

இந்த இடத்தில் தொழிலாளர்களிடமும் சற்றுக் கடுமையாகப் பேசவேண்டியிருக்கிறது. முப்பது ஆண்டுகள் சம்பளக் கணக்கு எழுதியவன் நான். "கிராணி ஐயா, எனக்கு மட்டும் பிடிக்காதீர்கள்" என்று சம்பள நாளன்று சன்னலண்டை வந்து மெதுவாகச் சொன்னவர்கள் பலர். வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிப் பேருந்து, தவணைக் கடன் என்று அவர்கள் சொன்ன காரணம் ஒன்றும் பொய்யன்று. ஆனால் கணக்கைப் பாருங்கள். முதல் கேள்வியில் உள்ள அம்மையாரின் சம்பளத்தையே எடுத்துக்கொண்டால், பிடிக்க வேண்டாம் என்று சொல்வதால் அவர் கையில் மிஞ்சுவது 201 ரிங்கிட். அதற்காக அவர் விட்டுக்கொடுப்பது முதலாளி போடவேண்டிய 237 ரிங்கிட். இருநூற்றொன்றைக் காப்பாற்ற இருநூற்று முப்பத்தேழைக் கொடுத்துவிட்டு வருகிறோம். முதலாளி அந்தத் தாளை ஏன் அவ்வளவு விரைவாக நீட்டினார் என்பது இப்போது விளங்கும்.

முன்போல், வீடு, கல்வி போன்ற குறித்த காரணங்களுக்கன்றி ஐம்பத்தைந்து வயது வரை பணத்தைத் தொடவே முடியாது என்ற நிலையும் இப்போது இல்லை. 2024 மே மாதத்திலிருந்து 55 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் புதிய சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிகிறது: 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்கும், 15 விழுக்காடு வீடு, கல்வி, மருத்துவம் போன்ற தேவைகளுக்கான கணக்குக்கும், 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்குக்கும் போகின்றன. அந்த 10 விழுக்காட்டை மாதந்தோறும் எடுத்துவிடும் பழக்கம் நல்லதன்று என்பது என் கருத்து. ஆனாலும் அவசரத்துக்கு அது இருக்கிறது.

வேலை விபத்துக்கு இழப்பீடு தரும் சொக்சோவை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது இதைவிட ஆபத்தானது. லோரியில் ஏறி இறங்கும் வேலை. சேமநிதியாவது முதுமைக்கு, சொக்சோ நாளைக் காலைக்கு. அந்தச் சந்தாவும் முதலாளியின் சட்டக் கடமைதான்.

கேள்வி: நான் பட்டர்வொர்த்தில் வீடு புதுப்பிக்கும் சிறு குத்தகை வேலைகள் எடுத்துச் செய்கிறேன். நிரந்தர ஆள் யாரும் இல்லை. வேலை கிடைக்கும்போது மூன்று நான்கு பேரைக் கூப்பிடுவேன். ஒருவர் மாதத்தில் மூன்று நாள் வருவார், இன்னொருவர் பன்னிரண்டு நாள். இவர்களுக்கெல்லாம் எப்படி இபிஎஃப் கட்டுவது? டைல் போடுபவர், வயரிங் செய்பவர் ஆகியோருக்கும் கட்ட வேண்டுமா? – வாசகர், பினாங்கு

பதில்: நேர்மையாகக் கேட்டிருக்கிறீர்கள், இக்கேள்விதான் இம்மாதக் கடிதங்களிலேயே சிக்கலானது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தெளிவான பகுதி. குறைந்தது இத்தனை நாள் வேலை செய்திருந்தால்தான் சந்தா என்ற விதி இல்லை. இத்தனை ஊழியர்கள் இருந்தால்தான் என்ற விதியும் இல்லை. ஒருவர் இருந்தாலும் நீங்கள் முதலாளிதான். முதல் ஊழியரை வேலைக்கு வைத்துச் சந்தா கட்டும் பொறுப்பு ஏற்பட்ட ஏழு நாள்களுக்குள் வாரியத்தில் முதலாளியாகப் பதிந்துகொள்ள வேண்டும். ஒரு மாதச் சம்பளத்துக்குரிய சந்தாவை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். மாத மொத்தம் 10 ரிங்கிட்டைத் தாண்டினாலே அட்டவணையில் அதற்கு ஒரு வரி இருக்கிறது. நாள் சம்பளமாகவோ வாரச் சம்பளமாகவோ கொடுத்தாலும், அந்த மாதத்தில் ஒருவருக்குக் கொடுத்ததையெல்லாம் கூட்டி அந்த மொத்தத்துக்கு அட்டவணையைப் பார்ப்பதே முறை. ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியே கணக்குப் போட்டால் முழுமையாக்கலில் தொகை மாறிப்போகும்.

மூன்று நாள் வந்தவரை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 90 ரிங்கிட் என்றால் மொத்தம் 270. அட்டவணையில் இது 260.01 முதல் 280 வரையிலான வரியில் விழுகிறது. அந்த வரிக்கு முதலாளி 37 ரிங்கிட், ஊழியர் 31 ரிங்கிட், மொத்தம் 68 ரிங்கிட். கருவி கைத்தொலைபேசியில் இருக்கிறது. இணையத்தில் ஐ-அக்காவுன் என்னும் வாரியத்தின் இணையக் கணக்கு வழி ஐந்து நிமிட வேலை. அந்த ஆள் இன்னொரு குத்தகையாளரிடமும் அதே மாதத்தில் வேலை செய்திருந்தால் அவரும் தாம் கொடுத்த சம்பளத்துக்குத் தனியே கட்ட வேண்டும். "அவன் அங்கே கட்டுகிறான், நான் எதற்கு" என்ற பேச்சுக்கு இடமில்லை.

இனிச் சிக்கலான பகுதி. சேமநிதிச் சட்டம் ஊழியராகப் பணிபுரியும் ஒப்பந்தத்துக்கு மட்டுமே பொருந்தும். தனித் தொழில் செய்பவர் ஒரு வேலையை முடித்துத் தரும் ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்தன்று. வேலை எப்படி நடக்கிறது என்பதை வைத்துத்தான். உங்கள் டைல்காரர் தம் சொந்த வெட்டும் இயந்திரத்தைத் தம் வேனில் கொண்டுவருகிறார், சதுர அடிக்கு இத்தனை என்று விலை சொல்கிறார், எப்போது தொடங்கி எப்போது முடிப்பது என்பதைத் தாமே முடிவு செய்கிறார், டைல் கோணலாக ஒட்டினால் தம் செலவில் பெயர்த்து மறுபடி ஒட்டுகிறார், அதே வாரத்தில் வேறு இரண்டு வீடுகளிலும் வேலை வைத்திருக்கிறார் என்றால் அவர் தனித் தொழில் செய்பவர். அவருக்கு நீங்கள் சந்தா கட்டத் தேவையில்லை. ஆனால் அவருக்குச் சிமெண்டு குழைத்துக் கொடுக்க நீங்கள் அனுப்பும் பையன், காலை எட்டரைக்கு வரச் சொன்னால் வருகிறான், உங்கள் மண்வெட்டியையே பிடிக்கிறான், இதை எடு அதைக் கொண்டுவா என்றால் செய்கிறான், சாயந்திரம் கணக்குப் பார்த்து நாள் கூலி வாங்கிப் போகிறான். அவன் மூன்று நாளே வந்தாலும் உங்கள் ஊழியன். அந்தப் பையனை டைல்காரரே கூட்டி வந்து, தம் கையிலிருந்து சம்பளம் கொடுத்தால், அவனுக்குரிய சந்தா டைல்காரரின் பொறுப்பு.

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் 2023 சனவரி முதல் நடப்புக்கு வந்த திருத்தம் இதற்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லாத இடத்தில், ஒருவரின் வேலை முறையோ வேலை நேரமோ இன்னொருவரின் கட்டுப்பாட்டில் இருந்தால், கருவியும் பொருளும் அவரே தந்தால், அவ்வேலை அவருடைய தொழிலின் உள்ளங்கமாக இருந்தால், அவருக்காக மட்டுமே செய்யப்பட்டால், குறித்த இடைவெளியில் தரும் அந்தப் பணமே வேலை செய்பவரின் பெரும்பகுதி வருமானமாக இருந்தால், மறுப்பு நிரூபிக்கப்படும் வரை அவர் ஊழியர் என்றே கொள்ளப்படும். அந்த அனுமானம் வேலைவாய்ப்புச் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளுக்காக எழுதப்பட்டது. இருந்தாலும் உங்கள் ஆள்களில் யார் எந்தப் பக்கம் என்று நீங்களே எடை போட்டுப் பார்க்க இதைவிட நல்ல தராசு இல்லை. ஐயம் தீராவிட்டால் கட்டிவிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. 37 ரிங்கிட்டை மிச்சப்படுத்தப் போய், பாக்கியும் லாப ஈவும் தாமதக் கட்டணமும் வழக்கும் ஒன்றாக வந்து நின்ற சிறு குத்தகையாளர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று: வேலைக்கு ஆள் சேர்த்துவிடும் மேஸ்திரி வழியாகச் சம்பளம் கொடுக்கிறேன் என்றாலும் கவனம் தேவை. சட்டத்தில் முதலாளி என்ற சொல்லுக்குள் மேலாளர், முகவர், சம்பளம் கொடுக்கும் பொறுப்பிலுள்ளவர் ஆகியோரும் அடங்குகிறார்கள். வழக்கு வந்தால் நீங்கள் மேஸ்திரியையும், மேஸ்திரி உங்களையும் கை காட்டிக்கொண்டு நிற்க நேரும்.

கேள்வி: என் சம்பளச் சீட்டில் மாதந்தோறும் இபிஎஃப் பிடித்ததாக இருக்கிறது. கைத்தொலைபேசியில் கணக்கைத் திறந்து பார்த்தால் எட்டு மாதங்களாக ஒரு காசும் ஏறவில்லை. நான் வேலை செய்வது ஒரு துப்புரவுக் குத்தகை நிறுவனம். – வாசகர், பிறை

பதில்: இன்றைக்கே புகார் செய்யுங்கள். இது மற்றவற்றைப் போன்றதன்று. சந்தா கட்டாதது ஒரு குற்றம். ஊழியரின் சம்பளத்திலிருந்து பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்துக்கொள்வது அதைவிடப் பெரிய குற்றம் என்று சட்டமே பிரித்துக் காட்டுகிறது. 48ஆம் பிரிவின்படி அதற்கான தண்டனை இரு மடங்கு: ஆறு ஆண்டுகள் வரை சிறை, அல்லது 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். நிறுவனத்தின் பெயர்ப் பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் முடியாது. சந்தா கட்டப்படாத காலத்தில் இயக்குநர்களாக இருந்தவர்கள் நிறுவனத்துடன் சேர்ந்தும் தனித்தனியாகவும் அந்தப் பாக்கிக்குப் பொறுப்பாவார்கள் என்கிறது 46ஆம் பிரிவு. பாக்கி வைத்தவர் நாட்டை விட்டு வெளியேறாமல் தடுக்கும் அதிகாரமும் வாரியத்துக்கு உண்டு. விடுமுறைக்குப் புறப்பட்ட முதலாளி விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்த கதை வெறும் கதையன்று.

எட்டு மாதச் சீட்டுகளையும் படியெடுத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் தெரியும் சந்தாப் பட்டியலையும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். பிடித்த தொகையும் ஏறாத கணக்கும் அடுத்தடுத்து இருந்தால் அதிகாரிக்கு விளக்கமே தேவைப்படாது. வாரியத்தின் கிளையில் நேரிலோ அதன் இணையத்தளத்திலோ புகார் கொடுக்கலாம். உடன் வேலை செய்பவர்களின் கணக்குகளையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கு ஏறவில்லை என்றால் அவர்களுக்கும் ஏறியிருக்காது. குத்தகை மாறி அந்த நிறுவனம் இடத்தைக் காலி செய்யும் வரை காத்திராதீர்கள்; துப்புரவு, பாதுகாவல் குத்தகைகளில் இது அடிக்கடி நடக்கிறது.

மாதம் 15ஆம் தேதிக்கு மேல் ஒரு நாள் கணக்கைத் திறந்து பார்க்கும் பழக்கத்தை எல்லா வாசகர்களும் வைத்துக்கொண்டால் எட்டு மாதம் என்பது ஒரு மாதமாகச் சுருங்கும்.

கேள்வி: எனக்கு நாள் சம்பளம் 70 ரிங்கிட். புதிய கணக்காளர் வந்ததிலிருந்து 50 ரிங்கிட் சம்பளம், 20 ரிங்கிட் பயணப்படி என்று பிரித்துவிட்டார்கள். பயணப்படிக்கு இபிஎஃப் இல்லையாம். நான் கடைக்கு மேல்மாடியிலேயே தங்கியிருக்கிறேன். – வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: கடைசி வாக்கியத்தைப் படித்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். மாடிப்படி இறங்குவதற்கு நாளுக்கு இருபது ரிங்கிட் பயணப்படி தரும் முதலாளி கோலாலம்பூரிலேயே ஒருவர்தான் இருப்பார்.

பயணப்படிக்குச் சந்தா இல்லை என்பது உண்மைதான். கூடுதல் நேர ஊதியம், சேவைக் கட்டணத்தில் வரும் பங்கு, பணிக்கொடை, ஆள்குறைப்பு இழப்பீடு ஆகியவற்றுக்கும் இல்லை. ஆனால் சாப்பாட்டுப் படி, வருகைப் படி, போனஸ், கமிஷன், விடுப்புச் சம்பளம் ஆகியவற்றுக்கு உண்டு. ஒரு தொகைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதைவிட அது உண்மையில் எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதே முக்கியம். பயணமே செய்யாதவருக்குப் பயணப்படி என்று எழுதினால் அது சம்பளத்தின் ஒரு துண்டுதான்.

இந்தப் பிரிப்பால் என்ன ஆகிறது? 26 நாளுக்கு 1,820 ரிங்கிட்டுக்கு ஏறவேண்டிய 438 ரிங்கிட், 1,300 ரிங்கிட்டுக்கு உரிய 312 ரிங்கிட்டாகக் குறைகிறது. மாதம் 126 ரிங்கிட் உங்கள் கணக்கிலிருந்து மறைகிறது. கெட்டிக்காரக் கணக்காளர்தான், ஆனால் ஒன்றை மறந்துவிட்டார். குறைந்தபட்சச் சம்பளம் என்பது படிகளைச் சேர்க்காத அடிப்படைச் சம்பளம். 2025 ஆகஸ்ட் முதல் எல்லா முதலாளிகளுக்கும் அது மாதம் 1,700 ரிங்கிட். வாரத்தில் ஆறு நாள் வேலை செய்யும் நாள் சம்பளக்காரருக்கு நாளுக்கு 65 ரிங்கிட் 38 காசு. அடிப்படைச் சம்பளம் 50 என்று அவர் தம் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். ஆகவே நீங்கள் வாரியத்துக்கு மட்டுமன்றித் தொழிலாளர் இலாகாவுக்கும் ஒரு படி அனுப்பலாம். அதற்கு முன் ஒருமுறை முதலாளியிடம் அந்தச் சீட்டைக் காட்டிப் பேசிப் பாருங்கள். பெரும்பாலும் அவருக்கே தெரியாமல் நடந்திருக்கும். தெரிந்த பிறகும் மாற்றாவிட்டால் அனுப்புங்கள்.

கேள்வி: நான் தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்து முடிதிருத்தும் கடையில் வேலை செய்கிறேன். சில மாதங்களாக என் சம்பளத்தில் 2 விழுக்காடு பிடிக்கிறார்கள். நான் ஊருக்குப் போனால் அந்தப் பணம் போய்விடுமா? – வாசகர், கோலாலம்பூர்

பதில்: போகாது. 2025 அக்டோபர் மாதச் சம்பளத்திலிருந்து, முறையான வேலை அனுமதியுள்ள வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சேமநிதி கட்டாயமாகிவிட்டது. வீட்டுப் பணியாளர்கள் மட்டும் விலக்கு. உங்கள் பங்கு 2 விழுக்காடு, முதலாளியின் பங்கு 2 விழுக்காடு. இரண்டும் உங்கள் பெயரிலேயே ஏறுகின்றன. வேலை முடிந்து நாடு திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பெயரில் கணக்கு திறந்திருக்கிறதா, முதலாளியின் பங்கும் ஏறியிருக்கிறதா என்று கைத்தொலைபேசியில் நீங்களே பாருங்கள். சிலர் 4 விழுக்காட்டையும் தொழிலாளியிடமே பிடிப்பதாகக் கேள்விப்படுகிறேன். முதலாளியின் பங்கைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. மலேசியரானாலும் வெளிநாட்டவரானாலும் விதி ஒன்றுதான்.

கேள்வி: எனக்கு வயது 62. நாள் சம்பளத்துக்குக் காவலாளியாக இருக்கிறேன். அறுபதைத் தாண்டினால் இபிஎஃப் கிடையாது என்கிறார்களே? – வாசகர், ஜெலுத்தோங்

பதில்: உங்கள் சம்பளத்தில் பிடிக்க வேண்டியதில்லை, நீங்களாக விரும்பினால் கட்டலாம். முதலாளி மட்டும் 4 விழுக்காடு கட்ட வேண்டும். 75 வயது வரை.

கேள்வி: நான் வீட்டிலேயே பூமாலை கட்டிக் கோவில்களுக்கும் கல்யாணங்களுக்கும் கொடுக்கிறேன். எனக்கு முதலாளி இல்லை. நான் இபிஎஃப் கட்ட முடியுமா? – வாசகி, செந்தூல்

பதில்: முடியும் அம்மா. ஐ-சாரான் என்னும் திட்டத்தில் பதிந்துகொள்ளுங்கள். சொந்தத் தொழில் செய்யும், அறுபது வயதுக்குக் கீழ்ப்பட்ட மலேசியர்களுக்கானது. மாதந்தோறும் இவ்வளவு என்ற கட்டாயம் இல்லை. முகூர்த்த மாதத்தில் கூடுதலாகவும், ஆடியில் ஒன்றுமில்லாமலும் போடலாம். ஓர் ஆண்டில் நீங்கள் போடும் தொகையில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை, அரசாங்கம் சேர்த்துத் தருகிறது. வாழ்நாள் உச்சவரம்பு 5,000 ரிங்கிட். ஆக, ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் போட்டால் முழு 500 ரிங்கிட்டும் கிடைக்கும். வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் மாலைப் பணம் வந்த அன்றே ஒரு பங்கை ஒதுக்கி வைத்தால் இந்தத் தொகை எட்டாததன்று. மாலை கட்ட உதவிக்கு ஒரு பெண் வருவதாகவும், அவருக்கு நாளுக்கு இவ்வளவு என்று கொடுப்பதாகவும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண்ணுக்கு நீங்கள்தான் முதலாளி. பட்டர்வொர்த் வாசகருக்குச் சொன்ன பதிலை ஒருமுறை படித்துவிடுங்கள்.